மேவிஸின் மொச்சைச் சட்டியும் அதிபரின் நாற்காலியும்

வடக்கு பெல்டன், வெர்மான்ட்
ஊர்க்கூட்டத்துக்கு மறுநாள், புதன்கிழமை

எல்லைக்கு அந்தப் பக்கம் கியூபெக்கில் வாழ்க்கைப்பட்டுப் போன என் அன்புத் தங்கை மேவிஸுக்கு, உன் அண்ணன் லைமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் ஒழுகுகிற மேப்பிள் பாகு அண்டாவும் ஏதோ நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை ரேஜானும் அவருடைய கோபமும் நலம்தானே? கோபத்தைத் தனியாக விசாரிக்கக் காரணம் இருக்கிறது. ஒரு வருஷமாக அது உங்கள் வீட்டில் இன்னொரு ஆளாகவே ஆகிவிட்டது. நான் போன் பண்ணினால் முதலில் அதுதான் எடுக்கிறது, அப்புறம் நீ வந்து பனி எவ்வளவு பெய்தது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். எனக்குப் பனியைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை மேவிஸ், ஜன்னலைத் திறந்தால் அதே பனிதான் இங்கேயும் கிடக்கிறது.

எங்கள் அதிபர் உங்கள் நாட்டுச் சரக்குக்கெல்லாம் சுங்கவரி போட்டார், சரி. உங்கள் நாட்டையே எங்கள் நாட்டோடு ஒட்டிக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஏதோ பேசினார், அதுவும் சரி, அதாவது சரியில்லை. ஆனால் அதற்காக மாப்பிள்ளை என்னைப் போனில் கூப்பிட்டு, "உங்க ஆளு அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்" என்று சபதம் செய்தாரே, அது என்ன நியாயம்? என் ஆளா அவர்? நான் அவருக்கு ஓட்டே போடவில்லை. அதைச் சொன்னால் மாப்பிள்ளை முறுக்கு இன்னும் ஏறிப்போய், "அப்ப உங்க ஊர்ல ஒருத்தராவது வாயைத் திறந்து அதைச் சொன்னாங்களா?" என்று கேட்டார். எனக்கும் சூடு ஏறி, "நீங்க வராட்டி நானும் வரமாட்டேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்குப் போன் மறுபடி உன் கைக்கு வந்தபோது நீ பனியைப் பற்றிக்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்து இறங்குகிறவள், அன்றையிலிருந்து வரவில்லை. ஞாயிறு மதியம் நான் இன்னும் இரண்டு தட்டு அதிகமாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு அலமாரியில் திருப்பி வைக்கிறேன், நாய் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜனவரியில் மாப்பிள்ளை கொஞ்சம் இறங்கி வந்து, "உங்க ஊர்க்கூட்டமாவது அந்த ஆளை இறக்கணும்னு தீர்மானம் போடட்டும், ஈஸ்டருக்கு வர்றதைப் பத்தி அப்ப யோசிக்கலாம்" என்றாராம். நீதான் மெதுவான குரலில் சொன்னாய். அன்றிலிருந்து ஒரு தேசத்தின் அதிபரைப் பதவியிலிருந்து இறக்குவது என் சொந்தக் குடும்ப விஷயமாகிவிட்டது. பெர்னிஸ் டீச்சர் ஏற்கெனவே கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பியிருந்தார். குடியேற்றக் கொள்கைக்காகவும் வர்த்தகக் கொள்கைக்காகவும் அதிபரைப் பதவிநீக்கம் செய்யும்படி வாஷிங்டனுக்கு நம் ஊர் எழுத வேண்டும் என்பது தீர்மானம். வாஷிங்டனில் அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாஷிங்டனுக்காகவா காத்திருந்தேன்?

நேற்று பள்ளிக்கூட ஜிம்மில் வழக்கம்போல கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எனக்கு மேஜை போட்டார்கள். கூட்டத் தலைவராக இருப்பதில் உள்ள கஷ்டம் உனக்கே தெரியும். நம் அப்பாவும் இதே மேஜையில் உட்கார்ந்து தொண்டை கட்டியவர்தான். யாரும் யாரையும் நேரே பார்த்துப் பேசக்கூடாது, எல்லாம் தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சாதாரண வருஷத்தில் இது மரியாதை. இந்த வருஷம் ஊரில் இருக்கிற அத்தனை திட்டும் முதலில் என் தலையில் விழுந்து அப்புறம்தான் உரியவருக்குப் போய்ச் சேர்ந்தது. "தலைவரே, பொய் பேசறதுக்கும் ஒரு கூச்சம் வேணும்" என்று ஒருவர் என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார். "தலைவரே, டிவி பார்க்கறதை நிறுத்திட்டுக் கொஞ்சம் யோசிங்க" என்று இன்னொருவர். நான் டிவியே பார்ப்பதில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, நன்றி என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

காலை முழுக்கச் சேறு அள்ளுகிற வண்டி வாங்குவதா, பழையதையே ஒட்டுப்போடுவதா என்பதில் போய்விட்டது. அப்புறம் சாப்பாடு. பள்ளிக்கூடச் சமையலறையில் சாப்பாட்டைக் கவனிக்கிற ஆல்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரியைத் திறந்து காட்டினார். உன் மொச்சைச் சட்டி. போன வருஷக் கூட்டத்தில் பாகு ஊற்றி வேகவைத்த மொச்சையைப் பரிமாறிவிட்டு நீ அவசரமாகக் கிளம்பியதில் விட்டுப்போன அதே பழுப்புச் சட்டி, அடியில் உன் பெயர் எழுதிய ஒட்டுத்தாளோடு. "இந்த வருஷமும் வருவாளோன்னு கழுவி வெச்சேன் லைமன். இடம் அடைக்குது, எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார். ஊரே வரிசையில் நின்று பன்றி இறைச்சியும் ரொட்டியும் சாப்பிட்டது. மொச்சை இருக்க வேண்டிய இடத்தில் யாரோ கடையில் வாங்கிய சாலட்டை வைத்திருந்தார்கள். நான் சட்டியைக் கோட்டுக்குள் சுற்றி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மீதிக் கூட்டம் முழுக்க என் பாதம் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

பெர்னிஸ் டீச்சர் எழுந்தார். வரி போடும் அதிகாரம் வாஷிங்டனில் இருக்கிற காங்கிரஸ் சபையுடையது, அதை ஒருவர் பேனாவை எடுத்துத் தன் இஷ்டத்துக்குப் போடுவது கொள்கை அல்ல, அதிகாரத்தைத் திருடுவது என்றார். குடியேற்ற அதிகாரிகள் விடியற்காலையில் வந்து ஆட்களைக் கூட்டிப்போவதையும் விசாரணை இல்லாமல் வேறு நாட்டுக்கு அனுப்புவதையும் சேர்த்துச் சொன்னார். பிறகு நம் ஹாலிஸ், மேட்டுப் பண்ணைக்காரன், தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். அவன் அதிபருக்கு ஓட்டுப் போட்டவன், அதை எங்கும் மறைத்ததில்லை. தனக்குப் பிடிக்காத கொள்கைக்கெல்லாம் பதவிநீக்கம் என்று ஆரம்பித்தால் நாளைக்கு உங்கள் ஆள் வந்ததும் எங்கள் பக்கத்து ஆட்களும் அதையே செய்வார்கள், பிடிக்கவில்லையென்றால் தேர்தல் இருக்கிறது, குற்றம் செய்தால்தான் இறக்க வேண்டும் என்றான். "ரோடு பார்க்கிறவன் போன வருஷம் ஜல்லியைத் தப்பான எடத்துல கொட்டினான், தலைவரே. அவனை நாம ஜெயில்லயா போட்டோம்? மார்ச் ஊர்க்கூட்டம் வரைக்கும் காத்திருந்து வேற ஆளைப் போட்டோம்" என்றான். ஜிம்மே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பெர்னிஸ் டீச்சர் உட்கார்ந்தபடியே, "தலைவரே, ஜல்லி யாரையும் வீட்டை விட்டு ஓட வைக்கலை" என்றார். ஹாலிஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டான். அவன் பண்ணையில் ஏழெட்டு வருஷமாகப் பால் கறந்துகொண்டிருந்த மெக்சிகோக்காரர்கள் எலிசேயோவும் அவன் தம்பியும், பக்கத்து ஊரில் குடியேற்ற அதிகாரிகளின் சோதனை என்று கேள்விப்பட்டுக் குளிர்காலத்திலேயே சொல்லாமல் போய்விட்டார்கள். இப்போது அத்தனை மாட்டையும் அவன் ஒருத்தன்தான் கறக்கிறான். அது ஊருக்கே தெரியும்.

இரண்டு பக்கமும் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் என் தொல்லை. அப்போதே ஓட்டெடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பின்வரிசையில் ஒருவர், ஏரியில் மீன்குஞ்சு விடுகிற அதிகாரி மூன்று வருஷமாக ஒழுங்காக விடவில்லை, இறக்குவதே இறக்குகிறோம், அவரையும் சேர்த்து இறக்கலாமே என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதை ஒருவர் வழிமொழிந்தார். விதிப்படி நான் விவாதம் நடத்த வேண்டும். அதிபரைப் பற்றி வாய் திறக்காத ஆட்களெல்லாம் மீனைப் பற்றி எழுந்தார்கள். சுவர்க் கடிகாரத்தையே ஹாலிஸ் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "தலைவரே, மாடு இந்த நாட்டோட அரசியல் சட்டத்தைப் படிச்சதில்லை, அதுக்குக் கறவை நாலு மணின்னா நாலு மணி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். கோட்டைக்கூட நாற்காலியிலேயே விட்டுவிட்டான்.

மீன் அதிகாரி தப்பித்தார். பிறகு அதிபர் தீர்மானத்துக்கு ஓட்டு. சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினோம். இரண்டு பக்கமும் சமம். திரும்ப எண்ணினாலும் சமம். உனக்கு ஞாபகம் இருக்கும், சமமாக வந்தால் மட்டும்தான் தலைவர் ஓட்டுப் போடலாம். போடாவிட்டால் தீர்மானம் தோற்றுப்போகும். ஜிம் முழுக்க என்னைப் பார்த்தது. பெர்னிஸ் டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொல்லுங்க தலைவரே" என்றார், அவ்வளவு மென்மையாக அவர் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை.

மேவிஸ், உனக்கு நான் பொய் எழுத மாட்டேன். 'ஆமாம்' என்ற ஒரு சொல்லில் ஈஸ்டர் இருந்தது. என் சமையலறையில் நீ நிற்பது இருந்தது, அடுப்பு சரியில்லை, திரைச்சீலை அழுக்கு என்று திட்டிக்கொண்டே நீ சுற்றி வருவது இருந்தது. என் காலடியில் உன் சட்டி இருந்தது. இந்த வயதில் எனக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் எதிரே ஹாலிஸின் கோட்டு தொங்கிய நாற்காலியும் இருந்தது. அந்த அதிபரின் கொள்கையால்தான் அவனுடைய ஆட்கள் போனார்கள், ஆட்கள் போனதால்தான் அவன் மாடு கறக்கப் போனான், அவன் போனதால்தான் ஓட்டு சமமானது. அவன் இருந்திருந்தால் நாங்கள் தோற்றிருப்போம். ஆள் இல்லாத நேரம் பார்த்து ஜெயித்துவிட்டு அந்த வெற்றியை உனக்கு எழுதி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. "தலைவர் ஓட்டுப் போடலை. தீர்மானம் நிறைவேறலை" என்றேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பெர்னிஸ் டீச்சர் தலைவரைப் பார்க்காமலே வெளியே போனார், விதிப்படி அது தப்பு.

கோட்டைக் கொடுக்கலாம் என்று நேரே ஹாலிஸின் கொட்டகைக்குப் போனேன். அவன் மாட்டுக்கு நடுவே குனிந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் இயந்திரத்தை அடுத்த மாட்டுக்கு மாற்றினான், நிமிரவில்லை. சுவரில் எலிசேயோவின் ரப்பர் பூட்ஸ் இன்னும் ஆணியில் மாட்டியிருக்கிறது.

"எனக்காகவா அப்படிப் பண்ணினே?" என்றான்.

"நீ இல்லியே, அதனால."

"நான் அங்க இருந்திருந்தா எந்தப் பக்கம் எந்திரிச்சிருப்பேன்னு எனக்கே தெரியலை, லைமன். நாலு மணி ஆச்சேன்னு நிம்மதியாத்தான் கிளம்பினேன்."

உன் ஈஸ்டரை எடுத்து ஒரு மனிதனின் சந்தேகத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டேன். இருட்டும்வரை கூடமாட வேலை செய்தேன். முட்டி இன்னும் வலிக்கிறது.

ஆகையால் மாப்பிள்ளையிடம் சொல். ஊர் வாயைத் திறந்தது. பாதி ஊர் திறந்தது. மூடியது உன் அண்ணன். அவர் கோபித்துக்கொள்ளட்டும். ஆனால் நான் அங்கே வந்து நிற்பேன் என்று மட்டும் கனவிலும் எதிர்பார்க்க வேண்டாம். மரத்தில் சாறு இறங்க ஆரம்பித்துவிட்டது, ராப்பகலாகக் காய்ச்ச வேண்டும். அங்கேயிருந்து மாப்பிள்ளை வழியாகச் சொல்லியிருந்த புது அண்டா சுங்கவரியால் வராமல் போனதால் பழைய அண்டாவுக்குப் பக்கத்திலேயே ஒழுகலைத் துடைக்கத் துணியோடு நிற்க வேண்டியிருக்கிறது. எல்லைச் சாவடியில் எதற்குப் போகிறாய் என்று கேட்டால் எனக்கு வாய் உளறும். எல்லாவற்றுக்கும் மேலே, மூத்தவன் நான். நானும் ஒரு சொல் சொல்லியிருக்கிறேன். வரமாட்டேன் என்றால் வரமாட்டேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்பும் மனசும் குறைவில்லாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டு விறகு காய்ந்ததாகவே இருக்கட்டும், கூரைப் பனி தானாகவே சரிந்து விழட்டும். ஆல்மா உன்னை விசாரித்தார். ஹாலிஸும் விசாரித்தான். நாயும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அண்ணன்,
லைமன்

பின்குறிப்பு: தபால்காரரிடம் கேட்டேன். இந்தக் கடிதம் பல ஊர் சுற்றி உன்னிடம் வந்துசேர இரண்டு வாரம் ஆகலாமாம். அரை மணி நேர வழிக்கு இரண்டு வாரமா? அதோடு சட்டி வேறு சமையலறை மேஜையில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் வீட்டில் கிடையாது, ஆகவே இந்த வருஷம் முதலில் காய்ச்சிய பாகை அதில் நிறைத்து மூடி கட்டியிருக்கிறேன். அண்டாவை ஹாலிஸ் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான், அவனுடைய மாட்டைப் பெர்னிஸ் டீச்சர் பார்த்துக்கொள்கிறாராம். ஒருவரோடு ஒருவர் பேசாமலே இதை ஏற்பாடு செய்தார்கள், எல்லாம் என் வழியாக. மாப்பிள்ளை சபதம் செய்தது அவருடைய காலுக்கு, என் காலுக்கு அல்ல. என்னுடையதை நான் இப்போது வாபஸ் வாங்குகிறேன். இதை நீ படிக்கிறாய் என்றால் எதிர் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்துவிட்டு என்னைப் பார், மேவிஸ்.