ட்ரவுட் மீன் வயிற்றில் கிடைத்த கடைசிப் பருவம்

மேன்ஸ்ஃபீல்டு, விக்டோரியா
நவம்பர் 19

மாவட்ட இயற்கை ஆர்வலர் சங்க இதழின் ஆசிரியர் திரு. ஹாலம் அவர்களுக்கு, வெண்ணெய்த் தொழிற்சாலையில் முப்பத்தோராண்டு கொதிகலன் பார்த்து ஓய்வுபெற்ற லிண்ட்சே டிரெஜென்சா வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

தட்டானின் முட்டை, குஞ்சுப் பருவங்கள் பற்றிய என் கட்டுரை இத்துடன் வருகிறது. ஓடையில் எடுத்த முட்டைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. கூழ் போன்ற பசையில் ஒட்டிக்கொண்டு, முதல் நாள் வெண்ணெய் நிறம், மறுநாள் பழுப்பு. பொரிந்த குஞ்சுகளைத் துணி துவைக்கும் தொட்டியில் விட்டேன். என் மனைவி தெல்மா இரண்டு வருடமாக அக்கா வீட்டுக்குப் போய்த்தான் துவைக்கிறாள். குஞ்சுகள் கொசுப்புழுவைத் தின்றன, தலைப்பிரட்டையைத் தின்றன, பிறகு ஒன்றையொன்று தின்றன. பதினோரு முறை சட்டை உரித்துக் கடைசிப் பருவத்துக்கு வந்தது ஒன்றே ஒன்று. மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டி இரையைப் பிடிக்கும். என் விரலையும் பிடித்தது. இன்னொரு முறை உரித்தால் தட்டான். எந்த வகை என்பது அப்போதுதான் தெரியும். திங்களன்று அளப்பதாக இருந்தேன்.

சனிக்கிழமை தெல்மாவின் தம்பி கிளாரி மீன் பிடிக்க வந்தான். நான் தபால் நிலையம் போய்த் திரும்பினால் தொட்டி காலி, அவனையும் காணோம். ஏரிக்கரைக்கு ஓடினேன்.

"எங்கடா அது?"

"இரையா மச்சான்? நல்ல கொழுத்த பய. போட்டதும் கவ்விருச்சு" என்று இரண்டு கிலோ ட்ரவுட்டைத் தூக்கிக் காட்டினான்.

"ரெண்டு வருஷம்டா."

"மீனுக்கு வயசு அதுக்கு மேலயே இருக்கும் மச்சான்."

அங்கேயே வயிற்றைக் கிழிக்கச் சொன்னேன். குஞ்சு முழுசாகக் கிடந்தது, ஒரு கால் மட்டும் இல்லை. முப்பத்தெட்டு மில்லிமீட்டர். கட்டுரையில் படம் ஏழு அதுதான். மீனைத் தெல்மா பொரித்தாள். நான் அதிகம் தின்னவில்லை.

தங்கள் துணைவியாருக்கும் தேனீக்களுக்கும் என் அன்பு. எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
லி. டிரெஜென்சா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தெல்மா கூப்பிட்டாள். "சத்தம் போடாம வாங்க." சலவை அறை ஜன்னல் திரையில் ஒரு காலிச் சட்டை, அதன்மேல் ஈரம் காயாத தட்டான். தொட்டியிலிருந்து தானாகவே ஏறிப் போயிருக்கிறது. கிளாரியைக் கேட்டால், "நான் தூண்டில் கடையில வாங்கின குஞ்சைப் போட்டேன். எங்க எடுத்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்கிறான். படம் ஏழையும் அதன் அளவுகளையும் அடித்துவிடவும். வகையையும் என்னால் சொல்ல முடியாது. வலை பக்கத்தில்தான் இருந்தது. இறக்கை விறைக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மேலே தூக்கித் திறக்கும் அந்த ஜன்னல் கதவு தானாக நிற்காது. அது வெளியே பறக்கும்வரை நான்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.