கோர்ட்டு பிரித்த எஞ்சின்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எஞ்சின் செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். எஞ்சின் தெரிந்தவன் ஒருவன்தான். அவனுக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை கிடையாது. கொடுத்தாலும் இரண்டாம் நாளே துரத்திவிடுவார்கள்.

அவனைக் கோர்ட்டு என்றுதான் எல்லோரும் சொல்வோம். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. என் வயதுதான், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் டீக்கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கொசுப்புகை மிஷின், மருந்து தெளிக்கிற மிஷின், மரம் அறுக்கிற மிஷின் என்று டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எது போனாலும் அங்கேதான் போகும். போனால் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டான். விசாரணை நடத்துவான். யார் ஓட்டினது, யார் பெட்ரோல் போட்டது, நின்றபோது என்ன சத்தம் வந்தது, யாருக்கு இரவல் கொடுத்தாய். உண்மை வராமல் எஞ்சினை மூட மாட்டான்.

ஒரு தடவை பஞ்சாயத்துக் கொசுப்புகை மிஷின் வந்தது. கொண்டுவந்த ஆள், "நான் ஒண்ணுமே பண்ணலபா, தானா நின்னுச்சு" என்றார்.

"தானா நின்னுச்சா? அப்போ தானா ஓடும், இட்டுனு போ" என்று சாக்கில் கட்டிக் கையில் கொடுத்துவிட்டான். அந்த வருடம் எங்கள் பக்கத்துக் கொசு நிம்மதியாக வாழ்ந்தது. இன்னொருவர் வந்ததும் வராததுமாக, "மச்சானுக்குக் குடுத்தேன், அவன் கீழே போட்டுட்டான்" என்றார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மிஷின் தயார். சாட்சி சொல்ல வருகிறவர்களுக்காக டீக்கடைக்காரர் தனி பெஞ்சே போட்டிருந்தார்.

இவனிடம் நான் எப்படி மாட்டினேன் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் தெரு குன்றத்தூர் பக்கம் ஏரிக்குக் கீழே இருக்கிறது. அங்கே மனை பிரித்து விற்றவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மழை பலத்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அதற்காகத் தெருச் சங்கத்தில் ஒரு ஃபைபர் படகும், அதன் பின்னால் மாட்டுகிற பழைய எஞ்சினும் வாங்கி வைத்திருந்தோம். மழைக்கு முன்னால் ஒரு தடவை ஏரியில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அந்த வருடம் நான் செக்ரட்டரி. பெட்ரோலை நான் கேனில் ஊற்றிக் கொண்டுபோனேன். தூத்துக்குடிக்காரன் செல்வம் படகை ஓட்டினான். நடு ஏரியில் எஞ்சின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. துடுப்பு போட்டுக் கரைக்கு வந்தான். "என்னடா ஓட்டினே? பாசியிலே விட்டு எஞ்சினையே கொன்னுட்டியே" என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினேன். நான் கம்பெனியில் குவாலிட்டி. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துக் கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

செல்வம் வாயே திறக்கவில்லை. அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். மாடி வீடு. தண்ணீர் நின்றால் படகு இல்லாமல் அந்தப் பெண்ணைக் கீழே இறக்க முடியாது. தெருவில் அந்த எஞ்சின் யாருக்காவது அவசரமாகத் தேவை என்றால் அது அவனுக்குத்தான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் எஞ்சின் தொழிற்சாலையில் இருக்கிறார். ஒருவர் மூன்றாவது போல்ட்டை முடுக்குகிறார். ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். எல்லோரும் சுற்றி நின்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கருத்துச் சொன்னோம். பிறகு எஞ்சினை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கோர்ட்டிடம் போனோம். செல்வத்தின் மனைவிக்காக அவசரம் என்றும் சொன்னோம்.

கோர்ட்டு மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினான். சிலிண்டரை மரச்சுத்தியால் தட்டித் தட்டி உருவினான். பிஸ்டன் நாலு பக்கமும் உரசி வரி வரியாகக் கிழிந்திருந்தது. அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. ரிங் அசையவில்லை. பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. உள்ளே விரலை விட்டுத் துடைத்து எங்களிடம் காட்டினான்.

"பாத்துக்கோ. பிசுக்கே இல்ல. பாசியும் இல்ல, மண்ணும் இல்ல. பெட்ரோல்ல எண்ணெ கலக்காம ஊத்திக்கீறான் எவனோ. யாருபா அது?"

கார் எஞ்சினுக்கு அடியில் தனியாக எண்ணெய் இருக்கும், பெட்ரோலை அப்படியே ஊற்றலாம். இந்த மாதிரிப் பழைய எஞ்சினில் அந்த வசதி கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றினால்தான் பிஸ்டன் வழுக்கும். கார் எஞ்சினிலேயே காலம் தள்ளுகிற தெருவில் இது ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை. கேனைக் கொண்டுபோனவன் நான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு போட்டுக்கோபா" என்றேன். கம்பெனியில் எல்லாத் தப்புக்கும் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

"ஆபரேட்டருக்குப் பேரு கெடையாதா?"

"அது எதுக்கு? நீ ரிப்பேர் பண்ணு."

"யோவ் செக்ரட்டரி, நான் புது பிஸ்டன் போட்டுக் குடுப்பேன். அதே ஆளு அதே மாரி ஊத்துவான். இந்த வாட்டி ஏரியில நிக்காது, வெள்ளத்துல நிக்கும். படகுல புள்ளத்தாச்சி இருப்பா. பேரு சொல்லு, மூடறேன்."

பத்து நாள் ஓடியது. எஞ்சின் மூன்று பிஸ்கட் டின்களில் கிடந்தது. வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம் என்று டின்களைத் தூக்கப் போனேன். "தூக்கிக்கோ. எது எங்க போவும்னு அவனாண்ட நீயே சொல்லிக்கோ" என்றான். கீழே வைத்துவிட்டேன். வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

பதினோராம் நாள் நான் கொட்டகையில் இருந்தபோது செல்வம் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்தான்.

"அண்ணாச்சி, நாந்தான் ஊத்துனேன். எழுதிக்கிடுங்க. சீக்கிரம் எஞ்சினை மூடுங்க, அவளுக்கு ஒம்பதாம் மாசம் பொறந்துட்டு."

கோர்ட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான். "லிட்டருக்கு எவ்ளோ எண்ணெ?"

"பழைய எஞ்சின்னா நாப்பது மில்லி. எங்க மாமா மீன் புடிக்கிற வள்ளத்துல சின்ன வயசுலேருந்து நாந்தான கலப்பேன்."

"இத்தினி தெரிஞ்சவன் சும்மா ஊத்துவானா? பொய்சாட்சி! போ வெளிய."

"இல்லண்ணாச்சி... கேனை மத்தவங்க கொண்டாந்து கையில குடுத்தா, கலந்துதான் இருக்கும்னு..." என்று இழுத்தவன், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் தெருவுக்கே கேட்கும்படி திட்டியபோதும் தெரிந்திருக்கிறது. செக்ரட்டரி என்கிற மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான்.

"நான்தான் ஊத்தினேன்" என்றேன்.

டீக்கடைக்காரர் சாட்சி பெஞ்சை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சங்கத்து ரூம்ல எண்ணெ பாட்டில் இருந்திருக்குமே, அத்த இன்னா பண்ணே?" என்றான் கோர்ட்டு.

"கதவு கீச்சு கீச்சுன்னு கத்திச்சு. கீலுக்கு ஊத்திட்டேன்."

"இப்போ கத்துதா?"

"இல்ல."

"அப்போ நல்ல எண்ணெதான்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தான். அவ்வளவுதான். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி நிம்மதி அடைந்திருப்பேன்.

அதன் பிறகு நான்கே நாள். சுவரில் அப்பிய அலுமினியத்தை ஆசிட் தொட்ட துணியால் அரித்து எடுத்தான். அடியில் கீறல் ஆழமாக இருந்ததால் லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து வாங்கினான். அந்த அளவுக்கு ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனும் ரிங்கும் காசிமேட்டுப் படகுக் கடைகளிலிருந்து வரவழைத்தான். பேரிங், சீல், கேஸ்கட் எல்லாம் புதிது. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை மாட்டி ஓட்டிக் காட்டினான். பிறகு ஒரு அளவுக் குவளையை என் கையில் திணித்தான்.

"இனிமே நீதான் ஊத்தணும். வேற எவன் கையும் படக் கூடாது."

"தப்பு பண்ணவன் கையிலயே குடுக்கறே?"

"வேற எவனா இருந்தாலும் மறந்துருவான்பா. நீ மறப்பியா?"

பதினாறாம் நாள் தெருவில் தண்ணீர் ஏறியது. காலையில் செல்வத்தின் மனைவிக்கு வலி எடுத்தது. நான் குவளையை மூன்று தடவை சரிபார்த்துக் கலந்து ஊற்றினேன். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. செல்வம் ஓட்டினான். தெருமுனையில் கோர்ட்டு, ஒரகடத்திலிருந்து அதற்கென்றே வந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவன் எஞ்சினுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். பின்னால் நீலமாகப் புகை கிளம்பியதும், "எண்ணெ கீதுபா!" என்று கையைத் தட்டினான். மத்தியானம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கோர்ட்டு விசாரித்தது எஞ்சின் சூடானதா என்று மட்டும்தான்.

அன்றிலிருந்து வானம் இருண்டால் எனக்கு போன் வரும். "செக்ரட்டரி, எண்ணெ ஊத்திட்டியாபா?" கம்பெனியில் என்னை ஒருவன் இப்படி இரண்டாம் தடவை கேட்டால் அவன் தொலைந்தான். இவனுக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்வேன்.

நேற்று தூறல் போட்டது. போன் வரவில்லை. அரை மணி நேரம் பார்த்தேன். பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டு, "எண்ணெய் ஊத்தியாச்சு" என்றேன்.

"நான் கேக்கவே இல்லியேபா" என்றான்.