ஆராய்க சாரின் மாதிரி விடை

பதில் சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். யாருக்கும் புரியாதபடி ஒரு கேள்வி கேட்க மட்டும் மனித குலம் பல யுகம் காத்திருந்து, கடைசியில் அந்தக் கல்லூரியின் சமூகவியல் துறைத் தலைவரைப் பெற்றது. எந்தக் கேள்வியையும் 'ஆராய்க' என்றே முடிப்பதால் மாணவர்கள் அவரை 'ஆராய்க சார்' என்றார்கள். அதில் பாசம் இருப்பதாக அவர் நம்பினார்.

இந்த ஆண்டு கட்டுரைத் தேர்வுக்கு அவர் அருளிய வினா: "மாடிப்படி ஏறுவதற்கே என்னும் கூற்றைத் தற்காலச் சூழலில் எந்த அளவுக்கு என விமர்சன நோக்கில் ஒப்பிட்டு ஆராய்க."

"என்ன எழுதணும் சார்?" என்றாள் தேர்வறையில் ஒரு மாணவி.

"கேள்வியைப் புரிஞ்சிக்கிறதும் பரீட்சைதாம்மா."

புதிதாக வந்த முதல்வர், பாவம், உலகம் தெரியாதவர். "கேள்வி போட்டவரே மாதிரி விடையும் எழுதித் தரணும். இல்லன்னா உங்க நாற்காலி துணைத்தலைவிக்கு" என்று குண்டைத் தூக்கிப் போட்டார்.

ஆராய்க சாரின் கையெழுத்து அவருக்கே புரியாது. எனவே வீட்டுக் கூடத்தில் அவர் நடந்தபடி சொல்ல, மனைவி எழுதினாள்.

"எதோட ஒப்பிடணும்?"

"எதோடயாவது."

"லிஃப்டோடயா?"

"அவ்ளோ வெளிப்படையா எழுதினா மதிப்பு போயிடும்டி."

"அப்ப உங்களுக்கே தெரியாதா?"

"தெரியும். ஆனா சட்டுனு சொல்லிட முடியாது. எழுது: 'ஒருபுறம் பார்த்தால் படி. மறுபுறம் பார்த்தாலும் படியே.'"

எட்டுப் பக்கம் ஆயிற்று. அவளுக்குக் கொட்டாவி வந்தது. அவருக்குப் பெருமிதம் வந்தது.

மறுநாள் அதைத் துறை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர் எடுத்துப் பார்த்தார். அழகான கையெழுத்து, பெயர் இல்லை. "எந்தப் புள்ளையோ மறந்து வெச்சிட்டுப் போயிருக்கு" என்று இரக்கப்பட்டு விடைத்தாள் கட்டில் செருகிவிட்டார்.

ஆராய்க சார் திருத்தும் முறை தனி. முதல் வரியைப் படிப்பார், கடைசி வரியைப் படிப்பார், நடுவில் பெருமூச்சு விடுவார். தான் சொன்ன வரிகளும் கட்டிய மனைவியின் கையெழுத்தும் உயர்ந்த சிந்தனையில் இருப்பவர் கண்ணில் படுமா? படவில்லை. சிவப்பு மையில் எழுதினார்: "இருபதுக்கு இரண்டு. கேட்டது ஒன்று, எழுதியது வேறு. வினாவைப் புரிந்துகொள்ள முயலவும்."

முதல்வர் மாதிரி விடை எங்கே என்றதும் துறையே தலைகீழானது. துணைத்தலைவிதான் கட்டைப் பிரித்துக் கண்டெடுத்தார். துறைச் சுற்றறிக்கை எல்லாமே அதே கையெழுத்தில் வருவதால் அவருக்குச் சட்டென்று தெரிந்தது. முதல்வரின் மேசையில் போட்டார்.

"இது உங்க விடைதானே சார்?"

"ஆமா."

"இந்த ரெண்டு மார்க்?"

"அதுவும் நான் போட்டதுதான்."

நாற்காலி போயே போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆராய்க சார் மட்டும் மெல்ல எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாருங்க சார், கேள்வியோட ஆழத்தை! போட்டவனாலயே பதில் எழுத முடியல!"

முதல்வர் உருகிப்போனார். "இப்படி ஒரு தரத்தை நான் எங்கயும் பாத்ததில்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி நிலைத்தது, முதுகுக்குப் புது மெத்தையும் வந்தது.

அதே கேள்விக்கு அதே இரண்டு மதிப்பெண் வாங்கிய மாணவர்களும் அறிவில் அவருக்குச் சமமானவர்களே. வித்தியாசம் ஒன்றுதான்: அவர்கள் அடுத்த வருடமும் பதில் எழுத வேண்டும், அவர் அடுத்த வருடமும் கேள்வி போட்டால் போதும்.