உச்சரிப்புக் குழுவும் ஒரு மதியச் சாப்பாடும்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித குலம் கண்ட மாபெரும் முன்னேற்றம் சென்ற வைகாசியில் துடியலூரில் நிகழ்ந்தது என்பதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அடக்கத்துக்குக் காரணம், அந்த முன்னேற்றத்தின் செயலாளர் நான்தான்.

என் பெயர் பாலுசாமி. சுந்தரராஜுலு ஐயாவின் பம்ப்செட் கம்பெனியில் மேனேஜர். ஐயா வீட்டில் பேசுவது தெலுங்கு. பல தலைமுறையாகக் கோவைப் பக்கமே குடியிருக்கும் தெலுங்கு என்பதால், பாதி வீட்டைத் தமிழுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. அதனால் யாருக்கும் இடைஞ்சல் இருந்ததில்லை. பம்ப் ஓடியது, பிள்ளைகள் படித்தார்கள், பெருமாளுக்கும் வேண்டுதல் புரிந்தது.

இடைஞ்சல் இளைய மகன் வம்சியால் வந்தது. பெங்களூரில் தன்னுடன் வேலை பார்க்கும் பூஜிதாவைக் கட்டிக்கொள்ள விரும்பினான். குண்டூர்ப் பெண். தாயில்லாமல் அப்பாவின் வளர்ப்பில் வளர்ந்தவள். ஜாதகமும் பொருந்தியது. ஆனால் அந்த அப்பா, கோட்டேஸ்வர ராவ், தெலுங்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீடு பார்க்க வரப்போகிறார் என்றதும் மூத்த மகன் உதய்க்கு வியர்த்துவிட்டது.

"அப்பா, நம்ம தெலுங்கக் கேட்டா அந்த மனுசன் செவப்பு மையில சுழிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாருங்க" என்றான்.

அன்று மாலையே 'குடும்ப உச்சரிப்புச் சீர்திருத்தக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் உதய். செயலாளர் நான். எனக்குத் தெலுங்கில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆகவே என் 'நடுநிலை' சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

பயிற்சிக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் 'நாவளம்' என்ற நிலையம் நடத்தும் பிந்து மேடம் அமர்த்தப்பட்டார். இந்த மண்ணின் எந்த ஊர் வாசனையும் ஒட்டாத, கழுவித் துடைத்த பேச்சு அவருடையது. ஐந்து மொழிகள் பேசுவார். ஐந்தும் விமான நிலையத்து அறிவிப்பு மாதிரியே இருக்கும். நான் மெய்சிலிர்த்தேன்.

தெலுங்கில் மூச்சை அழுத்தி ஊதிச் சொல்லவேண்டிய எழுத்துகள் உண்டாம். அதற்காக மேடம் ஒவ்வொருவர் வாய்க்கு எதிரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார். 'போஜனம்' என்று சொன்னால் சுடர் அசைய வேண்டும். உதய் சொன்னபோது சுடர் அணைந்து மேடத்தின் கண்ணாடியில் எச்சில் தெறித்தது. 'ஆர்வம் அபாரம்' என்று குறித்துக்கொண்டார். ஐயா நெருங்கி உட்கார்ந்து முயன்றதில் மீசையின் ஒரு பக்கம் கருகியது. மறு பக்கத்தை அவரே மழித்துக்கொண்டார். கல்விக்காக இவ்வளவு தியாகம் செய்த தொழிலதிபரை நான் பார்த்ததில்லை.

வீட்டம்மா லட்சுமியம்மாள் சொன்னபோது மட்டும் சுடர் கர்ப்பகிரகத்து விளக்குப்போல ஆடாமல் அசையாமல் நின்றது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. "ஏனுங்க அம்மணி, இத்தன பேருக்குக் கத்துறீங்களே, தொண்ட காயலீங்களா? கொஞ்சம் மோரு குடிச்சுப்போட்டுச் சொல்லிக் குடுங்க" என்று டம்ளரை நீட்டினார். மேடம் மோரைக் குடித்துவிட்டு, இவருக்குத் 'தேறும் வாய்ப்பு இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். கடமையில் கண்ணானவர்.

எனவே குழு கூடி, வீடு பார்க்க வரும் நாளில் அம்மா மௌன விரதம் இருப்பதாக விருந்தினரிடம் அறிவிப்பது என்று முடிவு செய்தது. முடிவை அம்மாவிடம் தெரிவிக்கும் பொறுப்பு செயலாளருக்கு. நான் சொன்னதும் அவர் கொத்தமல்லித் தழையைக் கிள்ளியபடியே பதில் சொன்னார்.

"விரதம்னு பொய் சொல்ல மாட்டேனுங்க பாலுசாமி. பெருமாள் பேருல பொய்யா? நெசமாவே இருந்துக்கறேன். எம்பையனுக்கு அந்தப் புள்ள கெடச்சாப் போதும்."

இப்படி ஒத்துழைக்கும் அம்மா எத்தனை நிறுவனங்களுக்குக் கிடைப்பார்? குழு பாராட்டுத் தெரிவித்தது.

இனி வரலாற்றுச் சிறப்புமிக்க மூன்றாம் கூட்டம். பொருள்: வந்தவர்களிடம் 'சாப்பிட்டீர்களா' என்பதை எப்படிக் கேட்பது? எங்கள் பக்கம் வீட்டுக்குள் கால் வைத்தவரிடம் முதலில் கேட்பது அதுதான். கேட்டபின் அவர் ஆச்சு என்பார், நாம் விடமாட்டோம், இலை விழும். கேட்காமல் எதுவும் தொடங்காது.

ஐயா வீட்டு வழக்கப்படி 'தின்னாவா' என்றார். மேடம் காதைப் பொத்திக்கொண்டு, அது மாட்டைக் கேட்பது போலிருக்கிறது, 'போஜனம்' என்பதே மரியாதை என்றார். சபையில் மெழுகுவர்த்தி இல்லாமல் அந்தச் சொல் சரியாக வராது என்று உதய் அஞ்சினான். 'லஞ்ச்' என்று கேட்டுவிட்டால் பிழைக்கே இடமில்லை என்றான். தெலுங்கு வாத்தியாரிடம் இங்கிலீஷா என்று ஐயா சீறினார். காரசாரமான விவாதத்துக்குப் பின் கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை. விருந்தினருக்கு டிக்கெட் கிடைத்ததோ ஞாயிற்றுக்கிழமைக்கு.

அந்த ஞாயிறு, ரயில் தாமதமாகிப் போத்தனூரில் இறங்கி, அப்பாவும் மகளும் வீட்டுக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். வாசலில் அம்மா தவிர எல்லோரும் வரிசையாக நின்று 'தயசேயண்டி' என்று வரவேற்றோம். சுடர் இருந்திருந்தால் அளவாக அசைந்திருக்கும். உள்ளே வந்தார்கள். உட்கார்ந்தார்கள். அத்துடன் குழு அங்கீகரித்த சொற்கள் தீர்ந்துவிட்டன.

சமையலறையில் சோறும் பருப்பும் வாழைக்காய் வறுவலும் தயாராக இருந்தன. வாசனை கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஐயா உதயைப் பார்த்தார். உதய் என்னைப் பார்த்தான். ஒத்திவைத்த பொருளை எடுக்கச் செயலாளருக்கு அதிகாரமில்லை. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கோட்டேஸ்வர ராவும் சும்மா வரவில்லை. எங்களுக்கு மரியாதை செய்ய ஒரு மாதமாகச் செல்போனில் தமிழ் படித்திருந்தார்.

"மழை வருமா?" என்றார்.

"வராதுங்க" என்றேன்.

அவருடைய பாடத்தில் 'பசிக்கிறது' இன்னும் வரவில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. வந்திருந்தாலும் சம்பந்தி வீட்டில் எந்த மனிதர் வாய்விட்டுச் சொல்வார்? இரண்டு முறை மழையை விசாரித்துவிட்டு அவரும் மின்விசிறிக்கு வந்து சேர்ந்தார்.

பூஜிதா மட்டும் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நின்ற லட்சுமியம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா கைகூப்பினார், வாய் திறக்கவில்லை. விரதம் என்று உதய் அறிவித்தான். அந்தப் பெண் தலையாட்டினாள், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. தன்னை அவன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா என்று வம்சியிடம் மெல்லக் கேட்டாள். வம்சி உதயின் காதில் சொன்னான். உதய் என் காதில், "செவ்வாக்கெழம கூட்டத்துல சேத்துக்குங்க" என்றான்.

மூன்று மணி அடித்தது. கோட்டேஸ்வர ராவ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். நாம் வந்தது இவர்களுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, கிளம்பலாம் என்றாராம். பூஜிதா மறுபேச்சில்லாமல் பையை எடுத்தாள். நாங்கள் அனைவரும் எழுந்து, பயிற்சி பெற்ற வாய்களை இறுக மூடி, மிகச் சரியாகக் கைகூப்பினோம்.

அப்போது விதி மீறப்பட்டது. லட்சுமியம்மாள் கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார்.

"ஏமி கண்ணு, தின்னாவா லேதா? மொகமே வாடிப்போச்சு பாரு. ரா, ரா. பெருமாளுக்கு நாஞ் சொல்லிக்கறேன்."

தெலுங்கே தெரியாத எனக்கும் முழுதாகப் புரிந்தது.

பூஜிதா பையைக் கீழே வைத்தாள். "லேது அத்தய்யா" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இல்லை, மாமியாரே என்று அதற்குப் பொருளாம். அந்த வீட்டில் அவள் சம்மதம் சொன்னது அந்த ஒரே இடத்தில்தான். வேறு எங்கும் யாரும் கேட்கவுமில்லை. தெலுங்கு வாத்தியார் எதையும் சுழிக்கவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து ரசத்தை மூன்று முறை வாங்கினார். அதைக் கைச்சாடையிலேயே கேட்டார்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் திட்டமிட்டபடி நடந்தது. திருமணம் நிச்சயமானது குழுவின் மகத்தான வெற்றி என்று பதிவாயிற்று. பிந்து மேடம், அம்மா ஒருவரைத் தவிர அனைவரும் முதல் வகுப்பில் தேர்ச்சி என்று அறிவித்தார். அதில் ஒரு சொல்லும் மிகையில்லை. அந்த ஞாயிறு எங்களில் ஒருவர்கூட எந்தச் சொல்லையும் தவறாக உச்சரிக்கவில்லை. விடிகாலையிலிருந்து பட்டினியாக வந்த இரண்டு பேருக்கு எதிரில் மூன்று மணிவரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பிழை எங்கிருந்து வரும்?