உமிச் சாம்பலும் அம்சத்தோட அண்டாவும்

உலகத்துல கனம்ங்கற ஒண்ணையே ஒழிச்சுடறதுன்னு இளையபெருமாள் ஒரு செவ்வாக்கிழமை முடிவு பண்ணாரு.

ஒரத்தநாட்டுப் பக்கம் ரைஸ்மில்லுல பாய்லர் பார்க்கிற மனுஷன். எரிச்ச உமிச் சாம்பல் அங்க மலையாக் கெடக்கும். அதை வெள்ளை வெளேர்னு எரிச்சுச் சலிச்சு, உருக்கின அலுமினியத்துல கலந்தா உலோகம் இறுகும், கனமும் ஏறாதுன்னு திருவாரூர்க் கண்காட்சியில யாரோ சொல்லிட்டாங்க. அன்னையிலேருந்து கால் தரையில பாவல. கண்ணை மூடினா பம்புசெட்டுக் கப்பி பஞ்சாட்டம் சுத்துது. அறுவடை மெஷின் கொக்கு மாதிரி வயலுக்கு மேல மெதக்குது. டிரைவர் வெத்தலையை மென்னுகிட்டே கையாட்டுறான்.

சாம்பல் இருக்கு. அலுமினியம்? வீட்டுல இருந்தது சம்சாரம் அம்சத்தோட அம்மா குடுத்த அண்டா ஒண்ணுதான்.

“அம்சம், அண்டாவைக் குடு. உருக்கிக் கப்பி வார்க்கணும்.”

“கப்பியிலயா சோறு வடிக்கிறது?”

“நாடே நம்மளத் திரும்பிப் பார்க்கும்டி!”

“பார்க்கும். நாமதான் பட்டினியா நிப்போம்.”

மறுநாள் காலையில அவளே வந்தா. “எடுத்துக்குங்க. ஆனா எங்கம்மா அண்டாவுல கண்ட சாம்பலும் கலக்கக் கூடாது. நான் தொட்டுப் பார்த்துச் சரின்னு சொல்லணும்.”

இளையபெருமாள் சொக்கிப் போனாரு. இப்பேர்ப்பட்ட விஞ்ஞானியையா இத்தனை வருஷம் ரசம் வைக்க விட்டோம்!

மொத சாம்பலை அம்சம் விரல்ல தொட்டுப் பார்த்தா. “கறுப்பு தட்டுதுங்க.”

மறுபடி எரிச்சாரு.

“நறநறங்குதே. வேட்டியில சலிங்க.”

சலிச்சாரு.

“இது பரவால்ல. வச்சுட்டுப் போங்க. நாளைக்கு இன்னும் நைசா வரணும்.”

பத்து நாள். சாயங்கால வெயில்ல கொல்லை பூரா சாம்பல் பனியாட்டம் மெதந்துது. வாழையெல்லாம் வெளுத்துப் போச்சு. அவரு மேகத்துக்குள்ள நடக்கிற மாதிரி நடந்தாரு.

பதினோராம் நாள், பக்கத்து வீட்டு ரசியா பேகம் டின்னோட வந்து நின்னாங்க.

“அண்ணே, பாத்திரம் தேய்க்கிற பொடி இருக்கா? தெருவுல எல்லாருக்கும் கெடைச்சுது, எனக்குத்தான் இல்ல. என்னா நைசு! கரிச்சட்டியெல்லாம் கண்ணாடி ஆயிடுச்சாம்.”

இளையபெருமாள் மெதுவா அடுப்படிப் பக்கம் திரும்பினாரு. “அம்சம்... என் சாம்பல்?”

“தேறிடுச்சுங்க! தெருவே சொல்லுது.” தேய்ச்சுக் கவுத்த அண்டா அவ பின்னால பௌர்ணமியாட்டம் மின்னுச்சு. “சொன்ன சொல்லு மாற மாட்டேன், அண்டா உங்களுதுதான். சாம்பல்தான் தீந்துபோச்சு. ரசியாவுக்கு ரெண்டு படி சலிச்சுக் குடுத்துட்டு, அப்புறமா உருக்குங்க.”