மைசூர்பாகு கொடுத்துக் கட்டப்போன கடன்

கேட்காமலே எல்லாருக்கும் ஆலோசனை சொல்கிற ஆள் குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது நான்தான். (சம்பளம் கிடையாது. மரியாதையும் கிடையாது என்பது பிற்பாடு தெரிந்தது.)

அடையாறில் பழைய ஃபிளாட் வாங்கியபோது, மாறாத வட்டியில்தான் கடன் வாங்குவேன் என்று அடம்பிடித்தேன். என் மைத்துனன் ரமேஷ் வாங்கியிருந்ததோ ஏறி இறங்கும் வட்டி. அவனைப் பார்க்கும்போதெல்லாம், "உன் வட்டி இன்னிக்கு எந்த மாடியில இருக்கு?" என்று விசாரிப்பேன். அவன் பல்லைக் கடித்துக்கொள்வான்.

சில வருஷம் கழித்து, மாமனார் விட்டுப்போன பெருங்குடி மனையை விற்றதில் என் மனைவி சுமதிக்குப் பங்கு வந்தது. கடனை முழுசாக அடைத்துவிட்டு, மிச்சத்தில் சமையலறையை இடித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. அங்கே மேடை ரொம்பத் தாழ்வு. குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

"பேங்க்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாமேங்க" என்றாள்.

"என்னத்தக் கேக்கறது? பாக்கி எவ்வளவுன்னு ஆப்லயே வருதே. பணம் வேணாம்னு எந்த பேங்க்காவது சொல்லுமா?"

நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் தள்ளி, ரமேஷையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். வெற்றிலை பாக்கோடு தாம்பாளம், பத்திரத்தை வைத்து எடுத்துவர மஞ்சள் பட்டுத்துணி, ஒரு கிலோ மைசூர்பாகு. (பத்திரம் அன்றைக்கே கையில் கிடைக்காது என்பதுகூட எனக்குத் தெரியாது.)

வங்கி வாசலில் காவலாளி வழிமறித்தார். "இன்னா சார், தட்டெல்லாம் எத்துகினு வந்துகீறீங்க? உள்ள யாருக்குனா நிச்சயதார்த்தமா?"

உள்ளே ஒருவர் விடாமல் இனிப்பு கொடுத்தேன். ரமேஷ் அதைப் படமெடுத்து, 'மாமாவின் கடன் தீர்ந்தது' என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான்.

மேனேஜர் சின்ன வயதுப் பெண். வாயில் மைசூர்பாகோடு கணினியைப் பார்த்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"சார், உங்களுது ஃபிக்ஸட் ரேட். முன்னாடியே க்ளோஸ் பண்ணா பாக்கியில ரெண்டு பர்சென்ட் சார்ஜ். ப்ளஸ் ஜிஎஸ்டி."

"மேடம், நான் கடன் கேக்க வரலை. திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

"அதுக்குத்தான் சார் சார்ஜ்."

வாங்கினால் வட்டி, சரி. திருப்பிக் கொடுத்தாலுமா? மனசுக்குள் கணக்குப் போட்டதில் புது மேடை போயிற்று, அலமாரி போயிற்று, புகைபோக்கியும் போயிற்று. இதற்கிடையே என் போனில் வாழ்த்துகள் டிங் டிங் என்று வந்து விழுந்தபடி இருந்தன. ஒவ்வொரு டிங்குக்கும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

"என் வட்டியில இந்தச் சார்ஜ் கிடையாது மாமா" என்றான் ரமேஷ், ரொம்பப் பணிவாக.

சுமதி பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவள் அப்பாவின் பணம், அவள் இடுப்பு, என் வாய்க்கொழுப்பு. அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. அவளோ மைசூர்பாகு டப்பாவை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் கேட்டாள்.

"முழுசா கட்டாம கொஞ்சமா கட்டினா?"

"வருஷத்துக்குப் பாக்கியில கால் பங்கு வரைக்கும் சார்ஜ் இல்ல மேடம்."

"அப்ப இந்த வருஷம் கால் பங்கு எடுத்துக்கங்க. மிச்சத்துல மொதல்ல என் கிச்சன்."

கடனை முடிக்கப் போனவன், கடனோடும் காலித் தாம்பாளத்தோடும் திரும்பினேன். புது மேடை சுமதியின் உயரத்துக்குச் சரியாக அமைந்தது.

போன மாதம் தி. நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் கூட்டம். சாப்பிடாமலே நழுவிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். மண்டப வாசலில் ரமேஷ் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"மாமா, முன்னாடியே கிளம்பினா ரெண்டு பர்சென்ட்."

பின்னாலிருந்து சுமதியின் குரல் வந்தது. "ப்ளஸ் ஜிஎஸ்டி."

செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன்.