ஓர்ஸ் ஹில் கீசர் விசாரணை

உலக யுத்தத்தில் நேசநாடுகளுக்கு நேர்ந்த பேரிழப்புகள் என்றால் சரித்திரக்காரர்கள் சிங்கப்பூரைச் சொல்வார்கள், ரங்கூனைச் சொல்வார்கள். 1943ஆம் ஆண்டு திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், ஒரு கடற்படைத் துரையின் குளியலறையில் காஸ் கீசர் அணைந்துபோனதை ஒருவர்கூட எழுதவில்லை. அவ்வளவு பொறுப்பில்லாத மனிதர்கள்.

சித்திரை வெயிலில் சும்மா நின்றாலே தேகம் அவிந்துவிடும். ஆனாலும் துரை சுடுதண்ணீரில்தான் குளிப்பார். அதற்கென்றே கப்பலில் வந்து சுவரில் ஏறியிருந்தது அந்தச் செம்புப் பெட்டி. குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாய்ப் பாயும். அந்த வேகத்தில் உள்ளே எரியும் சின்னத் திரிநெருப்பு குப்பென்று பெரிதாய்ப் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை காலை அது பிடிக்கவில்லை. பச்சைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாய் விழுந்தது.

உடனே 'கீசர் விசாரணைக் குழு' அமைந்தது. கந்தோர்க் கிளாக்கர் இரத்தினசிங்கம் அதன் காரியதரிசியானார். பொருத்தமான ஆள். முதல்நாள் பின்னேரம்தான் 'தண்ணீர்ச் சிக்கன நடவடிக்கை'யை வெற்றிகரமாக முடித்திருந்தார். ஊர்ச்சனம் தெருக்குழாயில் தண்ணீரை வீணாக்கி யுத்தத்துக்கு இடைஞ்சல் செய்கிறதென்று துரை கட்டளையிட, மலையடிவாரத்து வால்வை முக்கால்வாசி இறுக்கி மூடியவர் அவர்தான். வால்வைத் திருகும் சாவியான சாணளவு இரும்புத் திறப்பை ஒரு பதக்கம்போல அரைஞாணிலேயே கட்டிக்கொண்டு திரிந்தார்.

சீனன்குடாவிலிருந்து விமான இஞ்சினியர் வந்தார். பெட்டியை ஆகாயவிமானமாகவே பாவித்துப் பரிசோதித்து, "இது பறக்காது" என்று முடிவு சொன்னார். இன்னொருவர் விழுந்த சொட்டுகளின் சூட்டை அளந்தார். ஏன் சொட்டுகிறது என்று கேட்பது குழுவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதாகையால் யாரும் கேட்கவில்லை. எஞ்சியது ஒரே வழி. சதிகாரனைப் பிடிப்பது.

சதிகாரன் குசினியிலேயே இருந்தார். கிண்ணியாவைச் சேர்ந்த சமையற்காரர் முஹம்மது தம்பி. தினமும் விடிய கீசரின் திரிக்கு நெருப்பு வைப்பவர் அவர்தான்.

"முஹம்மது காக்கா, நெருப்புக்குச்சி தட்டேக்க வாய்க்குள்ள என்னவோ முணுமுணுக்கிறீராமே?" என்று கேட்டார் இரத்தினசிங்கம்.

"பிஸ்மி சொல்றது ஐயா. எந்த வேலை துவங்கினாலும் சொல்றதுதானே. அடுப்புக்கும் சொல்றதுதான்."

'சங்கேத மொழி' என்று குழு தீர்மானித்தது. அடுப்பும் சதியில் சேர்ந்தது.

"ஐயா, நேவிக்குள்ள வேலை செய்ற பாஸைப் பறிச்சா வேற எங்கயும் வேலை தரமாட்டாங்க. ஊட்டுல கட்டிக்குடுக்க மூணு குமர்ப் புள்ளைகள் இருக்கு. நீங்க ஒரு சொல்லுச் சொன்னா துரை கேப்பாரு."

இரத்தினசிங்கத்துக்கு மனம் இளகத்தான் செய்தது. காரியதரிசி பதவி இளகவில்லை. வெள்ளிக்கிழமை காலை முஹம்மது தம்பியின் பாஸ் பறிக்கப்பட்டது. மூட்டையோடு துறைமுகத்துக்கு இறங்கினார்.

கடமை முடித்த களைப்போடு இரத்தினசிங்கம் மலையடிவாரத்திலிருந்த தன் வீட்டுக்கு வந்தார். தெருக்குழாயடியில் வாளி வரிசை கோயில் வாசல் வரை நீண்டிருந்தது. மனைவி பத்மாசனி வெறும் குடத்தோடு எதிரே வந்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கும் குளிப்பு இல்லை. திங்கட்கிழமை நீங்கள் அந்த வால்வை இறுக்கினதிலயிருந்து இந்தக் குழாய் மூக்கு வடியிறமாதிரித்தான் வடியுது. மேல துரை வீட்டுக்கும் இதே பைப்தானே போகுது, அங்க மட்டும் வருதோ?"

இரத்தினசிங்கத்துக்கு வியர்த்தது. நேரே போய்த் திறப்பைப் போட்டு வால்வை முழுவதும் திறந்தார். தெருக்குழாய் சீறியது, பெண்கள் ஆரவாரித்தார்கள். அவர் மலையேறி ஓடினார்.

குளியலறைக்குள் ஆவி. ஆவிக்குள் துரை பாடிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீரா! அவன் போனான், கீசர் பிடித்தது! இதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்றிலிருந்து நீர் தலைமைக் கிளாக்கர்."

"சேர், உண்மையில அந்த வால்வு..."

"என்ன?"

உண்மை தொண்டை வரை வந்தது. தலைமைக் கிளாக்கர் கதிரை மனக்கண்ணில் தெரிந்ததும், மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

"வால்வு நல்லா வேலை செய்யுது, சேர்."

மத்தியானம் தெருக்குழாயடியில் தலைமைக் கிளாக்கர் ஆசைதீரக் குளித்தார். தண்ணீரை வீணாக்குவது அவ்வளவு இனிமையான காரியமென்று அவருக்கு அதுவரை தெரியாது. கிண்ணியாவுக்குப் போகும் வள்ளம் கடலில் சிறுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே முதுகு தேய்த்தார்.

"கடைசியில அந்தப் பெட்டிக்கு என்னதான் வருத்தம்?" பத்மாசனி துவாயை நீட்டினாள்.

"எதிரியின்ர வேலை. கண்டுபிடிச்சுக் கலைச்சாச்சு."

அவள் அவருடைய ஈர அரைஞாணைப் பார்த்தாள்.

"அப்ப எதிரியின்ர திறப்பு ஏன் உங்கட இடுப்பில தொங்குது?"